கீப்பரை மட்டும் பார்த்த உலகக் கோப்பை

மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை நான் பார்க்கும் விதம் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. பந்து ஒரு பக்கம் பறந்துகொண்டிருக்கும். நானோ மறுகோடியில் தனியாக நிற்கும் கோல் கீப்பர் எவ்வளவு தூரம் முன்னால் வந்திருக்கிறார் என்று திரையின் ஓரத்தைத் துழாவிக்கொண்டிருப்பேன். கோல் விழுந்தால் எல்லோரும் அடித்தவரைப் பார்க்கக் கத்துவார்கள். நான் "அந்த அம்மா எந்தக் காலை ஊன்றினாங்கன்னு திருப்பிப் போடுங்கப்பா" என்பேன். ரிமோட்டை என்னிடமிருந்து பிடுங்கிவைப்பது ஒரு குடும்ப வழக்கமாகவே ஆகிவிட்டது.

காரணம் இருக்கிறது. கல்லூரி அணியில் நான் கீப்பர். உயரமாக இருந்தேன், வேறு யாரும் நிற்க ஒப்பவில்லை, தேர்வு அவ்வளவில் முடிந்தது. மற்ற பத்துப் பேருக்கும் ஓட்டம், பாஸ், ஆஃப்சைடு என்று வகை வகையாகப் பயிற்சி நடக்கும். கடைசிப் பத்து நிமிஷம் என்னைக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு எல்லோரையும் வரிசையாக வந்து உதைக்கச் சொல்வார்கள். கீப்பர் பயிற்சி என்பது அதுதான். எப்படி விழ வேண்டும், விழும்போது எந்தத் தோள் தரையில் படவேண்டும், ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கிப்போடும் கிராஸ் வந்தால் எப்போது வெளியே போகவேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. இடுப்பெலும்புதான் வாத்தியார்.

2023 உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்தபோது அண்ணன் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். ஐரோப்பிய ஆண்கள் கிளப் ஆட்டங்களைத் தூக்கம் விற்றுப் பார்க்கிற ரகம். இரண்டாவது ஆட்டத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "அத்தை, லேடீஸ் மேட்ச் நல்லாத்தான் இருக்கு. ஆனா கீப்பிங்தான் சுமார். கொஞ்சம் தூக்கிப் போட்டா உள்ள போயிடுது." அவனுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. டி.வி. முன்னால் வாதம் செய்தால் ஆட்டம் போய்விடும். பிறகு விட்டு விட்டு அவனுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

அவன் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2007இல் ஷாங்காயில் தொடக்க ஆட்டத்தில் ஜெர்மனி அர்ஜென்டினாவை 11–0 என்று அடித்தது. 2019இல் பிரான்சின் ரைம்ஸ் நகரில் அமெரிக்கா தாய்லாந்துக்கு எதிராக 13 கோல் போட்டது. மகளிர் உலகக் கோப்பையின் மிகப் பெரிய வித்தியாசம் அதுதான். பதின்மூன்று தடவை வலைக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்துக்கொடுத்த கீப்பர் சுகன்யா சோர் சரோயென்யிங். அந்த ஆட்டத்தின் துண்டுக் காட்சிகளைப் போட்டு "பெண்கள் கீப்பிங்" என்று கேலி செய்தவர்கள் உண்டு. முழு ஆட்டத்தையும் பார்த்தால் தெரியும், அவருக்கு முன்னால் தடுத்து நிற்கவேண்டிய நான்கு டிஃபெண்டர்கள் நடுவே ஒரு லாரி போகுமளவு இடம் கிடந்தது. டிஃபெண்டர் பிழை செய்தால் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். கீப்பர் பிழை செய்தால் பின்னால் வலைதான். அதனால் அணி முழுவதும் சரிந்த கதைகூட கீப்பர் கணக்கில் எழுதப்படுகிறது.

கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். ஆண்களுக்கும் இதே, பெண்களுக்கும் இதே. இது நியாயமா என்ற கேள்வியைக் கேட்டவர்கள் வெறும் கேலிக்காரர்கள் மட்டுமல்ல. செல்சி மகளிர் அணியைப் பல ஆண்டுகள் நடத்திய எம்மா ஹேய்ஸே பெண்களுக்குச் சற்றுச் சிறிய கோல் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒப்பமாட்டேன். கோலைச் சிறிதாக்கினால் தடுப்பது கூடும். கீப்பருக்குச் சொல்லித்தர ஆள் போடவேண்டும் என்ற எண்ணம் இன்னும் பத்து வருஷம் தள்ளிப்போகும்.

உயரம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு நான் காட்டுவது ஜப்பானின் அயுமி கைஹோரியை. ஐந்தரை அடிக்குச் சற்றே மேல். 2011 இறுதி ஆட்டம், ஃபிராங்க்ஃபர்ட், எதிரே அமெரிக்கா. 2–2 என்று முடிந்து, மாறி மாறிப் பெனால்டி அடித்து முடிவு செய்யும் ஷூட் அவுட்டுக்குப் போனது. முதல் அடி ஷானன் பாக்ஸ். கைஹோரி ஒரு பக்கம் பாய்ந்துவிட்டார், பந்து நடுவாக்கில் வருகிறது. பாய்ந்த உடம்புக்குப் பின்னால் தங்கிய காலால் எத்திவிட்டார். நான் அதை எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தக் கால் தற்செயலாக அங்கே கிடக்கவில்லை, அவர் விட்டுவைத்துப் போனது. அடுத்து கார்லி லாய்ட் பந்தை வானத்துக்கு அனுப்பினார். மூன்றாவது டோபின் ஹீத், அதையும் கைஹோரி தடுத்தார். 3–1. ஆசிய அணி ஒன்று ஜெயித்த ஒரே மகளிர் உலகக் கோப்பை அது.

நான்கு வருஷம் கழித்து வான்கூவரில் அதே இரண்டு அணிகள், மறுபடி இறுதி. பதினாறாவது நிமிஷத்தில் அதே கார்லி லாய்ட் நடுக்கோட்டிலிருந்து ஒரு பந்தைத் தூக்கி விட்டார். கைஹோரி முன்னால் நின்றிருந்தார். பின்னால் ஓடி, தடுமாறி, விரலையும் கொடுத்துவிட்டார். கம்பத்தில் பட்டு உள்ளே போனது. லாய்டுக்கு ஹாட்ரிக், அமெரிக்காவுக்கு நான்காவது கோல். ஆட்டம் 5–2. உலகம் முழுக்க ஓடியது இந்தக் காட்சிதான். "தூக்கிப் போட்டா உள்ள போயிடுது" என்று அண்ணன் மகன் சொன்னானே, அவன் மனசில் இருந்ததும் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அணி முன்னேறி ஆடும்போது டிஃபெண்டர்களுக்குப் பின்னால் விழும் பந்தைத் துடைக்கக் கீப்பரும் முன்னால் வந்தாக வேண்டும். பதினெட்டு கஜத்தில் நிற்கச் சொல்வதும் நீங்கள்தான், ஐம்பது கஜத்திலிருந்து அடித்தால் சிரிப்பதும் நீங்கள்தான்.

இப்போது அந்த ஷாங்காய் 11–0க்கு வருகிறேன். அன்று அர்ஜென்டினாவுக்கு நின்றவர் வானினா கொர்ரேயா. எனக்கு மகளிர் உலகக் கோப்பை என்றால் முதலில் ஞாபகம் வரும் பெயர் பிரேசிலின் மார்த்தாவுமல்ல, அமெரிக்காவின் ரப்பினோவுமல்ல, இவர்தான். அதன் பிறகு தேசிய அணியை விட்டு விலகினார், இரட்டைக் குழந்தைகள் பெற்றார், வேலைக்குப் போனார். அர்ஜென்டினா மகளிர் அணியே நடுவில் சில காலம் ஆட்டமில்லாமல், பயிற்சியாளர் இல்லாமல் கிடந்தது. 2019இல் அந்த அணி பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு உலகக் கோப்பைக்கு வந்தபோது, கம்பங்களுக்கு நடுவே முப்பத்தைந்து வயதில் கொர்ரேயா நின்றார்.

முதல் ஆட்டம் ஜப்பானோடு 0–0. உலகக் கோப்பையில் அர்ஜென்டினா மகளிர் எடுத்த முதல் புள்ளி அது. அடுத்தது இங்கிலாந்து, லெ ஹாவ்ர் நகரில். நிகிதா பாரிஸ் பெனால்டி அடித்தார். கொர்ரேயா முழு நீளமும் நீண்டு விரல் நுனியால் தள்ளிவிட்டார். பிறகு ஒரு கோலில் தோற்றார்கள், அது வேறு விஷயம். 2023இலும் வந்தார், நாற்பதைத் தொட இன்னும் சில நாட்கள் இருக்கும்போது. ஷாங்காயில் பதினொன்று வாங்கியவருக்கும் லெ ஹாவ்ரில் நின்றவருக்கும் இடையே கை நீளவில்லை, உயரம் கூடவில்லை. எதிரில் எத்தனை பேர் வருகிறார்கள், முன்னால் எத்தனை பேர் தடுக்கிறார்கள் என்பதுதான் மாறியிருந்தது. அண்ணன் மகனிடம் இதைச் சொன்னபோது, "அது ஒரு ஆள் கதை அத்தை" என்றான். சரி, ஒரு ஆள் போதாது என்றால் இன்னும் இருக்கிறது.

2019 உலகக் கோப்பையைப் பற்றி எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பெனால்டி அடிக்கும் கணத்தில் கீப்பரின் ஒரு காலாவது கோட்டின் மேல் இருக்கவேண்டும் என்ற விதி அந்த ஜூன் மாதம்தான் அமலுக்கு வந்தது. காகிதத்தில் பார்த்தால் சலுகை. முன்பு இரண்டு காலும் கோட்டில் இருந்தாக வேண்டும். ஆனால் முன்பு அதை யாரும் பார்க்கவில்லை. அதே போட்டியில்தான் காணொளியைப் பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். முறை மகளிர் உலகக் கோப்பைக்கு முதன்முதலாக வந்தது. விதியும் புதிது, அதை ஓர் அங்குலம் விடாமல் அளக்கும் கேமராவும் புதிது. சோதனை எலிகள் யார்? பெண் கீப்பர்கள்.

நைஜீரியாவின் சியமாகா நடோஸி. பதினெட்டு வயது. தென்கொரியாவுக்கு எதிராக ஒரு கோலும் விடாமல் ஜெயித்துக் கொடுத்திருந்தார். பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் வெண்டி ரெனார் பெனால்டி அடிக்கிறார், பந்து கம்பத்தில் பட்டு வெளியே போகிறது. கீப்பர் தொடவே இல்லை. ஆனாலும் நடோஸியின் கால் கோட்டைவிட்டு விலகியிருந்தது என்று மறுபடி அடிக்கச் சொன்னார்கள். இரண்டாவதை ரெனார் போட்டுவிட்டார். 1–0.

இரண்டு நாள் கழித்துப் பாரிஸில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஸ்காட்லாந்து அர்ஜென்டினாவை 3–0 என்று முந்திக்கொண்டிருந்தது. ஜெயித்தால் அடுத்த சுற்றுக்கு வாய்ப்பு. எழுபத்து நாலாவது நிமிஷத்தில் ஒன்று விழுந்தது. அடுத்து ஃப்ளோரென்சியா போன்செகுந்தோ தொலைவிலிருந்து அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு, கீப்பர் லீ அலெக்சாண்டர் மேல் பட்டு உள்ளே போனது. பதிவேட்டில் அலெக்சாண்டரின் சேம் சைட் கோல். கடைசியில் காயத்துக்கான கூடுதல் நிமிஷங்களில் பெனால்டி. போன்செகுந்தோ அடித்தார், அலெக்சாண்டர் தடுத்துவிட்டார். தப்பித்தோம் என்று ஸ்காட்லாந்துப் பெண்கள் மூச்சு விடுவதற்குள் காதில் கையை வைத்தபடி ரெஃப்ரி. கால் கோட்டில் இல்லையாம், மறுபடி அடி. இம்முறை கோல். 3–3. இரண்டு அணியும் ஊருக்குக் கிளம்பின.

அதற்கு இரண்டு நாளில் விதிக்குழு ஒரு திருத்தம் கொண்டுவந்தது: ஷூட் அவுட்டில் கோட்டைத் தாண்டினால் கீப்பருக்கு மஞ்சள் அட்டை காட்டவேண்டாம். இல்லாவிட்டால் ஷூட் அவுட் நடுவே இரண்டு மஞ்சள் வாங்கிக் கீப்பரே வெளியேறி, மிட்ஃபீல்டர் யாராவது கையுறை மாட்டி நிற்கவேண்டியிருக்கும் என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. போட்டி பாதி ஓடிய பிறகு விதியைத் திருத்துகிறீர்கள் என்றால், தொடங்கும் முன்னால் யோசிக்கவில்லை என்றுதானே அர்த்தம்.

இதையே 1999ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். பசடீனாவின் ரோஸ் பவுல் மைதானம், 90,185 பேர், அமெரிக்காவும் சீனாவும், கோலே இல்லாமல் ஷூட் அவுட். சீனாவின் மூன்றாவது அடி லியு யிங். பிரியானா ஸ்கர்ரி தடுத்தார். உலகக் கோப்பையை முடிவு செய்தது அந்தத் தடுப்புதான். காணொளியில் நன்றாகவே தெரியும், பந்து புறப்படும் முன்பே அவர் கோட்டைவிட்டுச் சில எட்டு முன்னால் வந்துவிட்டார். யாரும் விசில் ஊதவில்லை. அவர்மேல் எனக்குக் குறையில்லை. அந்தக் காலத்தில் எல்லாக் கீப்பர்களும் செய்ததுதான். ஆனால் மறுநாள் பத்திரிகைகளில் வந்த படம் யாருடையது? கடைசி பெனால்டியை அடித்துவிட்டு ஜெர்சியைக் கழற்றி முழந்தாளிட்ட பிராண்டி சாஸ்டெய்ன். ஸ்கர்ரியின் பிற்கால வாழ்க்கை இன்னும் கனமானது: 2010இல் ஆட்டத்தில் தலையில் பட்ட அடி அவருடைய ஆட்டத்தையே முடித்தது, பணமுடையில் ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை அடகு வைக்கும் அளவுக்குப் போய், மீண்டு வந்தார். 2017இல்தான் அமெரிக்கக் கால்பந்தின் புகழரங்கில் அவர் பெயர் ஏறியது.

சரி, 2023. முப்பத்திரண்டு அணிகள் ஆடிய முதல் மகளிர் உலகக் கோப்பை. இத்தனை புது அணிகளை விட்டால் 13–0 மறுபடி வரும் என்று பயமுறுத்தியவர்கள் பலர். வரவில்லை. கீப்பர்களை மட்டும் பார்த்தால் அந்தப் போட்டி திருவிழாதான்.

முதல் வாரத்திலேயே நடோஸியை மறுபடி பார்த்தேன். கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர், உலகத்திலேயே அதிக சர்வதேச கோல் போட்டவர், பெனால்டி அடிக்க வருகிறார். நடோஸி தடுத்தார், கால் கோட்டில்தான் இருந்தது. நான்கு வருஷத்தில் அந்தக் காலைக் கோட்டில் ஊன்றக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். நைஜீரியா பிறகு இங்கிலாந்தை நூற்றிருபது நிமிஷம் கோல் இல்லாமல் நிறுத்திவைத்து, ஷூட் அவுட்டில்தான் வெளியேறியது.

ஜாம்பியா கீப்பர்களின் கதை சோகமா சிரிப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வழக்கமாக நிற்கும் ஹேசல் நாலி போட்டிக்குச் சற்று முன்பே முழங்கால் போய் வீட்டுக்கு. அடுத்தவர் கேத்தரின் முசோண்டா ஜப்பானுக்கு எதிரான ஆட்டம் முடியும் தறுவாயில் பெனால்டியும் கொடுத்து, இரண்டாவது மஞ்சளும் வாங்கி வெளியே. மூன்றாவது கீப்பர் யூனிஸ் சகாலா உட்கார்ந்த இடத்திலிருந்து ஓடிவருகிறார். உடம்பு சூடேறவில்லை, பந்தைத் தொடவில்லை, முதல் வேலையே உலகக் கோப்பை பெனால்டி. அதையும் தடுத்துவிட்டார்! கோட்டைத் தாண்டினார் என்று மறுபடி அடிக்கச் சொல்லி, அது கோலானது. அண்ணன் மகன் முதல் தடவையாக, "பாவம் அத்தை" என்றான். ஆட்டம் 5–0, செய்தியில் வந்தது அந்த எண் மட்டும்.

ஜமைக்காவின் ரெபெக்கா ஸ்பென்சர்: பிரான்சோடு 0–0, பனாமாவோடு 1–0, பிரேசிலோடு 0–0. குழுச் சுற்றில் ஒரு கோலும் விடவில்லை. தன் கடைசி என்று மார்த்தா அறிவித்திருந்த உலகக் கோப்பை அந்த 0–0இல்தான் முடிந்தது. இதே ஜமைக்கா 2019இல் மூன்று ஆட்டத்தில் பன்னிரண்டு கோல் வாங்கிய அணி. இந்தப் பயணத்துக்கே பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டவேண்டியிருந்த அணி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெல்பர்னில் ஸ்வீடன்–அமெரிக்கா ஆட்டத்துக்கு வேறு எதையும் ஒத்திவைத்துவிட்டு உட்கார்ந்தேன். செசீரா முஷோவிச் பதினொரு தடவை காப்பாற்றினார். கணக்கு மட்டும் சொன்னால் புரியாது. லிண்ட்சி ஹொரான் அடித்த ஒன்றுக்கு அவர் தரையோடு தரையாக நீண்டதைப் பார்க்கவேண்டும். பாய்ச்சல் பெரிதாகத் தெரியும், ஆனால் அதற்கு முன் அவர் எடுத்துவைத்த இரண்டு குட்டி அடிகள்தான் அந்தப் பந்தைத் தடுத்தன. ஷூட் அவுட்டில் எதிர்க் கீப்பர் அலிஸா நேயர் தானே வந்து பெனால்டி அடித்துக் கோல் போட்டார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். கடைசியில் லினா ஹுர்ட்டிக் அடித்ததை நேயர் தட்டினார், பந்து எழும்பியது, மறுபடி கையை வீசி வெளியே தள்ளினார். தடுத்துவிட்டேன் என்று கையை ஆட்டினார். கோல் கோட்டுக் கருவி வேறு சொன்னது: பந்து முழுவதுமாகக் கோட்டைக் கடந்துவிட்டது, ஒரு மில்லிமீட்டர் கணக்கில். திரையில் அந்தக் கணினிப் படத்தைக் காட்டியபோது பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே எனக்கு எதுவுமே தெரியவில்லை. நடப்புச் சாம்பியன் அதோடு வீட்டுக்குப் போனது.

அடுத்த வாரம் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா–பிரான்ஸ். உலகக் கோப்பைகளிலேயே, ஆண்கள் பெண்கள் இரண்டையும் சேர்த்து, மிக நீண்ட ஷூட் அவுட்: இருபது அடிகள். ஷூட் அவுட்டுக்கென்றே பிரான்ஸ் சொலேன் துராந்தை உள்ளே இறக்கியது. ஆஸ்திரேலியாவின் மக்கென்சி ஆர்னால்ட் முதல் அடியையே தடுத்தார். ஐந்தாவது அடி ஆர்னால்டுக்கே வந்தது, போட்டால் அரையிறுதி. கம்பத்தில் அடித்தார். நான் சோபாவிலிருந்து எழுந்து போய்விட்டேன், பின் திரும்பி வந்தேன். இப்படி ஓர் அடியை விட்ட பிறகு உடனே திரும்பிப் போய்க் கம்பங்களுக்கு நடுவே நிற்கவேண்டும். வேறு எந்த ஆட்டக்காரருக்கும் அந்தத் தண்டனை கிடையாது, நடுவட்டத்தில் தோழிகளின் தோளில் சாய்ந்துகொள்ளலாம். ஆர்னால்ட் போய் நின்றார். பிரான்சின் கென்சா தலி அடித்தார், ஆர்னால்ட் தடுத்தார். கோட்டைத் தாண்டிவிட்டார், மறுபடி அடி என்றார்கள். மறுபடியும் தடுத்தார். பிறகு பிரான்சின் பெச்சோ கம்பத்தில் அடித்து, ஆஸ்திரேலியாவின் கோர்ட்னி வைன் உள்ளே போட்டு 7–6. காது சரியாகக் கேளாத ஆர்னால்ட் காதுக் கருவி அணிபவர் என்பதைப் பின்னால்தான் படித்தேன். பின்னாலிருந்து குரல் கொடுத்து டிஃபெண்டர்களை நகர்த்துவதுதான் கீப்பரின் பாதி வேலை என்பது தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சங்கதி என்று புரியும்.

இத்தனைக்கும் நடுவே ஜெர்சி விவகாரம். இங்கிலாந்தின் மேரி எர்ப்ஸ் அந்தப் போட்டிக்கு வரும்போதே ஃபிஃபாவின் சிறந்த கீப்பர் விருது பெற்றவர், அதற்கு முந்தைய வருஷம் ஐரோப்பியச் சாம்பியன். ஒரு காலத்தில் அணியில் இடமில்லாமல், ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர். சரீனா விக்மன் பயிற்சியாளராக வந்துதான் திரும்ப அழைத்தார். இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் எல்லோர் ஜெர்சியும் கடையில் கிடைத்தது, கீப்பர் ஜெர்சி மட்டும் நைக்கி விற்பனைக்குப் போடவில்லை. எர்ப்ஸ் வெளிப்படையாகக் கேட்டார், மனசு வலிக்கிறது என்றார். ஒன்றரை லட்சம் பேருக்குமேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். உலகக் கோப்பை முடிந்த பிறகு கொஞ்சம் விற்பனைக்கு விட்டார்கள், வந்த வேகத்தில் தீர்ந்தது. வாங்க ஆளில்லை என்ற வாதம் அங்கேயே செத்தது. கீப்பராக ஆசைப்படும் ஒரு சிறுமிக்கு மேலே போட்டுக்கொள்ள ஒரு சட்டை இல்லாதபோது, கீப்பிங் சுமார் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழக்கூடாது. இதை அண்ணன் மகனிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

இறுதி ஆட்டத்தில் எர்ப்ஸ் ஒரு பெனால்டியைத் தட்டவில்லை, பிடித்தே விட்டார். ஹென்னி எர்மோசோ அடித்தது, எழுபதாவது நிமிஷம். எழுந்து அவர் கத்திய கத்து ஒலிவாங்கி இல்லாமலே புரிந்தது. ஆனாலும் ஓல்கா கார்மோனாவின் ஒரு கோல் போதுமானதாக இருந்தது, கோப்பை ஸ்பெயினுக்குப் போனது. போட்டியின் சிறந்த கீப்பருக்கான தங்கக் கையுறை எர்ப்ஸுக்கு.

எதிர்க்கோடியில் நின்ற ஸ்பெயின் கீப்பர் காட்டா கோல் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. குழுச் சுற்றில் ஜப்பானிடம் 4–0 என்று அடிவாங்கிய பிறகு ஸ்பெயின் கீப்பரை மாற்றியது. தேசிய அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியிராத காட்டாவை, உலகக் கோப்பை நாக் அவுட்டில், சுவிட்சர்லாந்துக்கு எதிராக இறக்கினார்கள். பதினோராவது நிமிஷத்தில் சொந்த டிஃபெண்டர் லையா கொதினா நடுக்கோட்டுப் பக்கமிருந்து பின்னால் தள்ளிய பாஸ் காட்டாவைத் தாண்டி உருண்டு உள்ளே போனது. சர்வதேச அரங்கில் அவர் வாங்கிய முதல் கோல் தன் அணிக்காரியிடமிருந்து! ஸ்பெயின் 5–1 என்று ஜெயித்தது, காட்டா அணியில் நிலைத்துவிட்டார். நாட்டுக்காக அவர் ஆடிய நான்காவது ஆட்டம் உலகக் கோப்பை இறுதி. அந்தக் கோப்பை மேடையில் ஸ்பெயின் சம்மேளனத் தலைவர் எர்மோசோவை அவர் சம்மதமில்லாமல் முத்தமிட்டது எல்லாருக்கும் தெரியும். அதற்காக இங்கே ஒரு வரிக்குமேல் கொடுக்கமாட்டேன்.

2025 ஐரோப்பியக் கோப்பையையும் இதே கண்ணோடுதான் பார்த்தேன். பிரான்சுக்கு எதிராகப் பத்துப் பேராகக் குறைந்த ஜெர்மனிக்கு ஆன்-கத்ரின் பெர்கர் பின்னோக்கித் தாவி ஒற்றைக் கையால் சொந்த டிஃபெண்டர் தலையால் முட்டிய பந்தை வெளியே எடுத்ததை, தைராய்டுப் புற்றுநோயை இரண்டு தடவை கடந்து வந்த ஒருவர் செய்தார் என்ற தகவல் இல்லாமலே வாய் பிளந்து பார்க்கலாம். ஷூட் அவுட்டில் இரண்டைத் தடுத்து, ஒன்றைத் தானே அடித்தார். ஸ்வீடனின் ஜெனிஃபர் ஃபால்க் நான்கு பெனால்டியைத் தடுத்தும் தோற்றார். வெற்றி அடி அவர் காலுக்கே வந்தது, மேலே போய்விட்டது. இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு ஹன்னா ஹாம்ப்டன். பிறவியிலேயே கண் குறை, தூரம் கணிப்பது சிரமம், விளையாட்டு வேண்டாம் என்று மருத்துவர்கள் சொன்னவர். ஷூட் அவுட்டில் ஸ்பெயினின் மரியோனாவையும் போன்மத்தியையும் தடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

இதில் எனக்குப் பிடித்த துணுக்கு ஒன்று. 2023 உலகக் கோப்பை முடிந்த அந்த இலையுதிர் காலத்தில் முஷோவிச், பெர்கர், ஹாம்ப்டன் மூன்று பேரும் ஒரே கிளப்பில் இருந்தார்கள். செல்சி. பயிற்சியாளர், கோலைச் சிறிதாக்கலாம் என்ற அதே எம்மா ஹேய்ஸ். மறுவருஷம் அமெரிக்க அணியின் பயிற்சியாளராக ஒலிம்பிக் தங்கம் வென்றபோதும் அவருக்குப் பின்னால் நின்றது அலிஸா நேயர். நாக் அவுட் ஆட்டங்கள் மூன்றும் 1–0.

அண்ணன் மகன் இப்போதும் முழுக்க ஒப்பவில்லை. "ஷாட் ஸ்டாப்பிங் ஓகே அத்தை, கிராஸ்க்கு வெளிய வர்றது இன்னும் தேறல" என்கிறான். அதில் பாதி உண்மை என்றே நினைக்கிறேன். 2023இலேயே அயர்லாந்தின் கேட்டி மக்கேப் கார்னரிலிருந்து நேராகக் கனடாவின் கோலுக்குள் அனுப்பினாரே. ஆனால் அவன் பேச்சு "சுமார்" என்பதிலிருந்து "கிராஸ்" என்பதற்கு வந்திருக்கிறது. கீப்பரைப் பார்க்க ஆரம்பித்தவன்தான் அப்படிப் பேசுவான்.

அடுத்த உலகக் கோப்பை 2027இல் பிரேசிலில். ஒளிபரப்புகிறவர்களிடம் எனக்கு ஒரே விண்ணப்பம்தான். கோல் விழுந்ததும் அடித்தவரின் முகத்தைப் பத்துக் கோணத்தில் காட்டுகிறீர்கள், காட்டுங்கள். அதில் ஒரு கோணத்தைக் கோலுக்குப் பின்னாலிருந்து, பந்து புறப்படுவதற்கு இரண்டு விநாடி முன்பிருந்து, கீப்பரின் கால் தெரியும்படி போடுங்கள். கார்னருக்கும் அப்படியே. எங்கள் வீட்டு ரிமோட் சண்டையாவது கொஞ்சம் குறையும்.